திரையில் ஒரு கடல்

சென்னீர்குப்பத்துக்கும் சமுத்திரத்துக்கும் உள்ள உறவு பெயரளவில்தான். பெயரிலே நீர் உண்டு; குப்பமும் உண்டு. ஊரிலோ, பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையும், அதில் ஓயாமல் ஓடும் லாரிகளும், லாரிகள் கிளப்பும் புழுதியும்தான் உண்டு. கடற்கரைக்குப் போகவேண்டுமானால் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குமேல் பஸ்ஸில் இடிபடவேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து தவறாமல் கடலுக்குப் போய்ச் சேருகிற பிரயாணி ஒன்றே ஒன்றுதான்: திருவேற்காட்டு வழியாக ஊர்ந்து செல்லும் கூவம். அது போய்ச் சேரும்போது என்ன கோலத்தில் இருக்கும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு இரவு ஒன்பது மணிக்குமேல் கடல் வந்துவிடுகிறது. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவியாகி, குழந்தைகள் வீட்டுப் பாடத்தை முடித்தோ முடிக்காமலோ தூங்கிப்போன பிறகு, எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் அட்லாண்டிக் மகாசமுத்திரம் விரிகிறது. திரை என்றால் அலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இன்று திரை என்றால் வேறு. ஔவையார் சொன்ன திரைகடலை நாம் சுவரிலே மாட்டிவிட்டோம்.

யூடியூபில் இதற்கென்றே சானல்கள் இருக்கின்றன. உத்தியோகத்தை விட்டுவிட்டு, வீட்டைக் காலிசெய்துவிட்டு, ஒரு பாய்மரப் படகை வாங்கிக்கொண்டு, அதையே வீடாக வைத்துக் குடித்தனம் செய்கிறவர்களின் சானல்கள். ஆஸ்திரேலியத் தம்பதி ஒருவரின் 'சைலிங் லா வகாபோண்ட்' என்ற சானலை உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் கடைசியில், விமானம் ஏறமாட்டேன் என்று விரதம் பூண்டிருந்த கிரேட்டா துன்பர்க் என்ற பெண்ணை அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகலுக்குத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் இவர்களே. இன்னும் 'டெலோஸ்' உண்டு, 'உமா' உண்டு. இந்த உமாக்காரர்கள் ஒரு பழைய படகைச் சொற்ப விலைக்கு வாங்கி, அதிலிருந்த டீசல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தியவர்கள். எங்கள் தெருவில் பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இவர்கள் எல்லோரும் உறவுக்காரர்கள் மாதிரி. எந்தப் படகு எந்தத் தீவில் நங்கூரம் போட்டிருக்கிறது, யாருக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, கனேரித் தீவுகளிலிருந்து கரீபியத் தீவுகளுக்குப் போக எத்தனை நாள் ஆகும், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"சார், இவங்க வாழறாங்க சார். நாம சும்மா இருக்கோம், அவ்வளவுதான்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார்.

இந்தப் பார்வையாளர்களைக் கேலிசெய்ய நான் இதை எழுதவில்லை. நாளெல்லாம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவன், அரைமணி நேரம் நீலமான ஒன்றைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டால் அதில் என்ன குற்றம்? அதிலும் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதைக் குற்றம் சொல்ல யோக்கியதை கிடையாது. நானும் இதே சரக்கைத்தான் விற்கிறேன். இருந்த இடத்திலிருந்தே இன்னொருவர் வாழ்க்கைக்குள் போய்வர டிக்கெட் கொடுக்கிறேன்.

அந்தப் படகுக்காரர்கள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. நான் பார்த்தவரையில் அவர்கள் யோக்கியமாகவே காட்டுகிறார்கள். பாதி நேரம் பழுது பார்ப்பதிலேயே போகிறது. கக்கூஸ் பம்பு அடைத்துக்கொண்டால் அதையும் காட்டுகிறார்கள். நல்ல தண்ணீரை அளந்து குளிக்கிறார்கள். இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் முறைபோட்டு விழித்திருந்து காவல் இருக்கிறார்கள். வாந்தி எடுக்கிறார்கள், கயிறு அறுத்துக் கை ரத்தம் சொட்டுகிறது, பாய் கிழிகிறது, தைக்கிறார்கள். தூண்டிலில் மீன் மாட்டினால் தளத்திலேயே போட்டு அறுத்து, ரத்தத்தைக் கடல்நீர் ஊற்றிக் கழுவி, உடனே வறுத்துச் சாப்பிடுகிறார்கள். உப்புக் காற்றில் கறுத்த முகம், வாரக்கணக்கில் வெளுக்காத சட்டை, டீசல் வாடை. ஒன்றையும் மறைக்கவில்லை.

என் வழக்கு எங்கள் தெருவோடு.

மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அளந்து குளிப்பது, முறைபோட்டு விழிப்பது, கயிறு அறுத்த கை, கிழிந்த பாய், தளத்தில் மீன் ரத்தம், கறுத்த முகம், டீசல் வாடை. இதில் எது காசிமேட்டில் இல்லை? இதே வேலைகளை, இதே சமுத்திரத்தில், இதே ஆபத்தில் செய்கிற மனிதர்கள் சென்னீர்குப்பத்திலிருந்து ஒன்றரை மணிநேரத் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க யாராவது போனோமா? தப்பித் தவறி அந்தப் பக்கம் போக நேர்ந்தால் முதலில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறோம். அட்லாண்டிக்கில் அறுத்த மீன் நமக்குக் காவியம். காசிமேட்டில் அறுத்த மீன் கவிச்சை.

கண் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். பார்வை மட்டும் ஏன் இரண்டாகிறது?

எங்கள் பகுதியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு ஒரு பலகை நன்றாகப் பழக்கம். 'டு-லெட். சைவம் மட்டும்.' இதிலாவது ஒரு கொள்கை இருக்கிறது என்று விட்டுவிடலாம். இன்னொரு ரகத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக்கறி சாப்பிடுவார்கள். குடிவருகிறவனிடம், "சிக்கன், மட்டன் சமைச்சிக்குங்க, பரவாயில்லை. மீனு, கருவாடு மட்டும் வேணாம். வாசனை போவாது" என்பார்கள். அட்வான்ஸ் பேசும்போதே, "எந்தப் பக்கத்து ஆளுங்க நீங்க?" என்று மெதுவாக ஒரு தூண்டில் போடுவார்கள். ராயபுரம், திருவொற்றியூர் என்று பதில் வந்தால், அந்த வீடு அன்றைக்குக் காலையில்தான் வேறொருவருக்குப் பேசி முடிந்ததாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் ஒருவர், இரவில் மெத்தையில் சாய்ந்துகொண்டு, வெள்ளைக்காரத் தம்பதி சூரைமீனைத் துண்டு போடுவதைக் கண்கொட்டாமல் பார்க்கிறார். வாசனை தெரியாத கடல் அவருக்கு வேண்டும். வாசனை உள்ள கடல்காரன் வேண்டாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மீன் விற்றுவிட்டு வீடு திரும்புவதற்காக அரசாங்க பஸ்ஸில் ஏறிய ஒரு மூதாட்டியை, மீன் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, உரத்த குரலில், இது என்ன நியாயம் என்று கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார். சம்பந்தப்பட்ட ஊழியர்கள் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டதாக நாம் வைத்துக்கொண்டோம். நான் கேட்கிறேன்: அந்த மூன்று ஊழியர்கள் ஆகாயத்திலிருந்தா குதித்தார்கள்? மூக்கைப் பொத்தும் கையை அவர்களுக்கு யார் பழக்கினார்கள்?

இதற்குப் படித்தவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அவர்கள் விரும்பிப் போகிறார்கள், இவர்கள் வேறு வழியில்லாமல் போகிறார்கள். அது சுதந்திரம், இது பிழைப்பு. இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். நாம் மதிப்பது காற்றை அறிந்த அறிவையா, அலையைச் சமாளிக்கும் துணிவையா? அப்படியானால் அது யாரிடம் இருந்தாலும் மதிக்கவேண்டும். அறிவும் துணிவும் இரண்டு இடத்திலும் இருக்க, ஓரிடத்தில் மட்டும் நாம் சொக்கிப்போகிறோம் என்றால், நம்மைச் சொக்கவைப்பது வேறு ஏதோ ஒன்று என்று அர்த்தம். அதன் பெயர் வசதி. செய்யவேண்டிய அவசியமில்லாதவன் செய்தால் சாகசம். செய்தே தீரவேண்டியவன் செய்தால் தலைவிதி. ஒரு வேலைக்கு மரியாதை வருவது வேலையினால் அல்ல, அதை எந்த நிமிஷமும் விட்டுவிட்டுப் போகக்கூடிய சௌகரியத்தினால் என்பதுதான் நம்முடைய தத்துவம். இந்தத் தத்துவத்தை மனுவே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கமாட்டார்.

மேலும், மீன்பிடிக்கப் போகிறவனுக்குப் பெருமிதமே கிடையாது, பசி மட்டும்தான் உண்டு என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாகச் சில கிராமங்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பில் இந்தியக் கரையில் அவர்களுக்கு நிகர் கிடையாது என்று பேர் எடுத்தவர்கள். சுறாவையும் சூரையையும் தேடி அரபிக்கடலின் நடுவே போய், வாரக்கணக்கில், சில வேளை மாதத்துக்கு மேலும் படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, படகிலேயே பண்டிகையும் கொண்டாடுகிறார்கள். படகில் வாழ்வது என்றால் இதற்குமேல் என்ன? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது அந்தக் கிராமங்களிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. மாதக்கணக்கில் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படகு வாழ்க்கையின் எல்லா அத்தியாயங்களையும் விரல்விட்டுச் சொல்லத் தெரிந்த நம் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அந்த மூன்று ஊர்ப் பெயர்களும் தெரியும்?

இந்த அறியாமை இன்றைக்கு நேற்று வந்ததல்ல.

படகுச் சானல்களில் இப்போது மவுசு அதிகமுள்ள படகுக்குக் 'கேட்டமரான்' என்று பெயர். அது நம்முடைய கட்டுமரம். 1697-இல் வெளிவந்த பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, சோழமண்டலக் கரையில் பார்த்த இந்தப் பெயரை எழுதிவைத்தார். இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்த அந்தப் படகின் அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களின் கைவேலை, நம்முடையதல்ல. பெயர் மட்டும் நம்முடையது. கோடிக்கணக்கில் விலைபோகிற அந்தப் படகைக் 'கேட்டமரான்' என்று நாக்கைச் சுழற்றிச் சொல்லிப் பூரிக்கிறவர், மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டி, அலையைக் குறுக்கே பிளந்துகொண்டு போனவனைக் 'கட்டுமரத்தான்' என்று சொல்லும்போது அதில் எவ்வளவு இளப்பத்தைக் குழைத்துச் சொல்கிறார்! ஒரே சொல்தான். ஆங்கிலத்துக்குப் போய்வந்ததும் அதற்கு அந்தஸ்து வந்துவிட்டது.

இன்னொரு கதை இருக்கிறது. இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகாசிரியரும் நம்பியிருக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டியவர்கள், கப்பல் ஓட்டியவர்கள் வாழும் ஊர். அங்கே 1930-இல் உள்ளூர் மேஸ்திரிகள் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பலுக்கு 'அன்னபூரணி' என்று பெயர். நீளம் 89 அடி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். இவர் சாமானியரல்ல. 1928 முதல் 1931 வரை ஒரு சின்னஞ்சிறு படகில் உலகத்தைச் சுற்றிவந்து, அதைப் பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர். வீடியோ இல்லாத காலத்தில் புத்தகம்தானே சானல்! அன்னபூரணிக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 'புளோரன்ஸ் சி. ராபின்ஸன்' என்ற புதுப்பெயரோடு அந்தக் கப்பல் 1937-இல் புறப்பட்டு, செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதில் பாய் விரித்தவர்கள், சுக்கான் பிடித்தவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள்.

எண்பது தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே தமிழன் கட்டிய கப்பலில் தமிழன் பாய் விரித்து அட்லாண்டிக்கைக் கடந்தாயிற்று. நாம் இப்போது வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோமே, அதே அட்லாண்டிக்! வல்வெட்டித்துறைக்காரர்கள் இன்றும் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம், கப்பலோட்டிய தமிழன் என்று ஒருவரைக் கொண்டாடிவிட்டு அத்தோடு கப்பல் கணக்கை முடித்துக்கொண்ட நாம், இதைப் பாடப் புத்தகத்தில் படித்தோமா? கதையாக எழுதினோமா? அந்தத் தண்டையல்களும் மாலுமிகளும் புத்தகம் எழுதவில்லை. எழுதியவன் பெயர் நின்றது; கயிறு இழுத்தவன் பெயர் ஊரோடு போயிற்று.

இந்த இளப்பத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால் வெகுதூரம் போகவேண்டாம். கடல் தாண்டினால் தீட்டு என்று சாஸ்திரம் வைத்திருந்த சமூகம் நம்முடையது. வயலும் கோயிலும் அக்ரகாரமும் சேர்ந்த ஊர்தான் ஊர். கடலோரத்தில் இருப்பது குப்பம். ஊருக்குத் தெரு உண்டு, குப்பத்துக்கு மணல்தான் என்று நூற்றாண்டுகளாகப் பாகுபாடு செய்தோம். 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கப்பல்களில் பாய் விரித்தவன் எந்தத் தெருவில் குடியிருந்தான், அவனுக்குக் கோயிலில் எது வரைக்கும் வர அனுமதி இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. வெற்றி ராஜாவுக்கு; வாடை வலைகாரனுக்கு.

நாவல் வாசகர்களாகிய உங்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். 'பொன்னியின் செல்வ'னின் பூங்குழலியை நேசிக்காத தமிழ் வாசகர் உண்டா? கோடிக்கரை இருட்டில் தன்னந்தனியாகப் படகு ஓட்டி இலங்கைக்குப் போகிறவள். அவளுக்காக ஏங்கினோம், அழுதோம், தொடர்கதை வந்த வாரங்களில் அவளுக்காகவே காத்துக்கிடந்தோம். கல்கி துணிந்தவர், அவளைக் கடைசியில் சோழநாட்டு ராணியாகவே ஆக்கினார். அந்தப் பூங்குழலி இன்று காசிமேட்டிலிருந்து படித்து, பட்டம் வாங்கி, பக்கத்து ஆபீஸில் வேலைபார்த்து, உங்கள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டால் போதும்.

கடலுக்கு எல்லை இல்லை என்று நம் ரசிகர்கள் பெருமூச்சு விடுவதையும் கேட்டிருக்கிறேன். எல்லை இல்லாமல் என்ன? அந்தப் படகுக்காரர்களே ஒவ்வொரு நாட்டிலும் மஞ்சள் கொடி ஏற்றி, அதிகாரிகளுக்குக் காகிதம் காட்டி, முத்திரை வாங்கிக்கொண்டுதான் கரை இறங்குகிறார்கள். கைப்பையில் நல்ல பாஸ்போர்ட் இருப்பதால் அது இரண்டு நிமிஷக் காட்சியாகப் போய்விடுகிறது. ராமேசுவரத்து மீனவனுக்குக் கடல் எல்லை என்பது சிறை; பறிமுதலான படகு; வட்டி கட்டவேண்டிய கடன். அவனுடைய இழுவைமடிப் படகுகள் வடஇலங்கைத் தமிழ் மீனவனின் வலையையும் வாழ்வையும் அறுத்துவிடுகின்றன என்பதும் உண்மை. அதை மறைத்துவிட்டு அவனுக்காகக் கண்ணீர் விட எனக்குச் சம்மதமில்லை. இரண்டு பக்கமும் தமிழன், நடுவிலே கோடு. சிக்கலான விஷயம்தான். ஆனால் சிக்கலான கடல்தான் நம்முடைய கடல். சிக்கலில்லாத நீலக் கடல் வேண்டுமென்றால் அது சுவரில் மட்டும்தான் கிடைக்கும்.

"நீங்கள் காலம் தெரியாமல் பேசுகிறீர்கள். இப்போது நம் மீனவர்களே சானல் நடத்துகிறார்கள். 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' எல்லாம் எத்தனை லட்சம் பேர் பார்க்கிறார்கள் தெரியுமா?" என்று ஓர் இளைஞர் என்னை மடக்கினார். தெரியும், பார்த்திருக்கிறேன், சந்தோஷப்பட்டேன். யாரோ வந்து தங்களைப் படம் பிடிக்கட்டும் என்று காத்திராமல், வலை இழுக்கிற கையிலேயே காமிராவையும் எடுத்துக்கொண்டார்களே, அது பெரிய காரியம். வல்வெட்டித்துறை மாலுமிகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. ஆனால் என் இளைய நண்பரைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: "வெள்ளைக்காரர் சானலைப் பார்த்துவிட்டு நானும் இப்படி வாழவேண்டும் என்கிறாயே, மூக்கையூர்க்காரர் சானலைப் பார்த்துவிட்டு என்றைக்காவது அப்படிச் சொன்னாயா?" அவர் சிரித்துவிட்டு, "அதுல அந்தக் கணவாய் குழம்பு வைக்கிறதைப் பாத்தா நாக்குல தண்ணி ஊறுது சார்" என்றார். சாப்பிடுவதற்கு மீனவன்; கனவு காண்பதற்கு வெள்ளைக்காரன். பார்வை இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது.

வெள்ளைக்காரர்தான் பாய்மரம் விரிக்கவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் இந்தியக் கடற்படையின் இரண்டு பெண் அதிகாரிகள் புறப்பட்டார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. இரண்டே பேர். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென் அமெரிக்காவின் கோடியில் உள்ள ஹார்ன் முனை, தென்னாப்பிரிக்கா என்று 25,000 கடல் மைலுக்கு மேல் சுற்றி, 2025 மே 29-ஆம் தேதி கோவாவுக்கே திரும்பிவந்தார்கள். நம் ரசிகர்கள் பார்க்கும் படகுகள் பெரும்பாலும் இதமான வியாபாரக் காற்றில் மேற்கே போகின்றன. இந்தப் பெண்கள் போனது உலகத்தின் அடிவயிற்றில், மலைமலையாக அலை எழும் தென்சமுத்திரத்தில். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். எங்கள் பாங்க் நண்பரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார். லா வகாபோண்ட் குழந்தைகளின் பெயர்கள் மட்டும் அவருக்கு வரிசையாகத் தெரியும்.

ஒரு சமயம் கடல்காரர்களே நம்மைத் தேடிக்கொண்டு உள்ளூருக்கு வந்தார்கள். அதையும் நாம் மறந்துவிட்டோம். 2015 டிசம்பர் முதல் வாரம் செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டு அடையாற்றின் இரு கரையும் மூழ்கியபோது, மாடிகளில் நின்று கை அசைத்த படித்தவர்களையும் பணக்காரர்களையும் கரைசேர்த்தவர்களில் மீனவர்கள் உண்டு. கடலோரத்திலிருந்து தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2018-இல் கேரளத்திலும் அதுவே பெரிய அளவில் நடந்தது. கார் ஓடவேண்டிய தெருவிலே படகு ஓடியது. அதன் அணியத்தில் கறுத்த முகத்தோடு ஒருவன் நின்று, "பயப்படாம ஏறும்மா, கையக் குடு" என்றான். அன்றைக்கு அவன் கையைப் பிடித்தபோது மீன்வாடை அடித்ததாக யாரும் புகார் செய்யவில்லை. தண்ணீர் வடிந்தது, வாடை திரும்பி வந்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னால், மீனவன் மகன் மீனவனாகவே கிடக்கட்டும் என்று நான் வாதாடுவதாக அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். அவன் டாக்டராகட்டும், கலெக்டராகட்டும், விருப்பமிருந்தால் கடலிலேயே இருக்கட்டும். எதை விட்டுவிட்டு வந்தாலும் அவன் வெட்கத்தோடு விட்டுவிட்டு வரக்கூடாது. தகப்பன் தொழிலைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு 'பிஸினஸ்' என்று சொல்லும்படி அவனை நாம் வைத்திருக்கிறோமே, அதுதான் பாவம்.

சானலை நிறுத்தவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பாருங்கள், நன்றாகப் பாருங்கள். பார்த்த பார்வையைக் கொஞ்சம் கிழக்கே திருப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போங்கள். கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். படகிலிருந்து இறங்குகிறவரிடம், அட்லாண்டிக்காரரிடம் கேட்க நினைத்ததையெல்லாம் கேளுங்கள்: எத்தனை நாள் போனீர்கள், எங்கே தூங்கினீர்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று. வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் சொல்வார். குழந்தைகள் அந்தப் பெயர்களைக் கற்றுக்கொள்ளட்டும். அவர்களுடைய பாஷையில் இன்னும் எவ்வளவு கடல் மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியவரும்.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "என் வீடு, என் இஷ்டம்" என்பீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற உரிமை அந்த இஷ்டத்தோடு சேர்ந்து வராது. கருவாட்டு வாசனைக்கு வாசல்கதவைச் சாத்துகிறவர், படகு வாழ்க்கையை ரசிக்கிறேன் என்று சொல்வதை நான் நம்பமாட்டேன். முதலில் அந்தப் பலகையை இறக்குங்கள். குப்பத்திலிருந்து வருகிற ஒரு குடும்பத்துக்கு மாடியைக் கொடுங்கள். மற்ற சமுத்திரங்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.